அச்சம் போக்கும் வயிரவக் கயிறு

தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்களெல்லாம் வழியில் ஒரு வேப்பமரத்து வளைவில் நின்று நின்றுதான் நகரும். கார், பைக், ஷேர் ஆட்டோ, லோடு வண்டி, எல்லாவற்றிலும் ஜனம். ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு நாய்க்குட்டி. மடியில் இருந்தது விழித்துக்கொண்டிருந்தது. மடி வைத்திருந்தவர்தான் தூக்கத்தில் இருந்தார்.

இத்தனை கூட்டமும் வயிரவச் சித்தரைப் பார்க்க. நாய்களுக்கென்றே அவதரித்த மகான்! மனிதனுக்குத் தாயத்துக் கட்டும் தொழிலில் ஆள் கூடிப்போய்ப் போட்டி பெருத்துவிட்டது. நாய்க்குக் கட்ட இவர் ஒருவர்தான். அதிலே இன்னொரு வசதியும் உண்டு. பலிக்கவில்லை என்று நாய் வந்து சட்டையைப் பிடிக்காது.

இவருக்குப் பழைய பெயர் பேச்சிமுத்து. ஆலங்குளம் பக்கம் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். சொன்ன இடத்திலெல்லாம் தோண்டினார்கள், சுண்ணாம்புக்கல்தான் வந்தது. ஊர்க்காரர்கள் தேடத் தொடங்கியதும் ஆள் மறைந்தார். பிறகு ஒருநாள் தாடியோடு வெளிப்பட்டு, பிளவக்கல் அணைக்கு மேலே காட்டில் தவமிருந்ததாகவும் வயிரவர் நாய் மேல் ஏறி வந்து வரம் தந்ததாகவும் சொன்னார். நம்பிவிட்டார்கள். தாடி இருந்ததல்லவா, வேறென்ன சான்று வேண்டும்?

அவர் கட்டுவது ஒரு சிவப்புக் கயிறு. அதைக் கட்டினால் குட்டிக்கு நோயும் அண்டாது, பயமும் அண்டாது. ஆனால் தடுப்பூசி மட்டும் போடக் கூடாது. ஊசி குத்திய துவாரம் வழியாகக் கயிற்றின் சக்தி இறங்கிப்போய்விடுமாம். குட்டி என்ன சைக்கிள் டியூபா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் இல்லை.

ஒரு அஷ்டமிக்குக் கயிறு கட்டினால் அடுத்த அஷ்டமிக்கு 'அச்சம் போக்கும் நடை'. அத்தனை குட்டிகளையும் தரையில் இறக்கி, ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு வேப்பமரத்தைச் சுற்ற விட்டு, ஒரே உருளியில் தீர்த்தம் நக்கவைப்பார்கள். ஒரு குட்டியின் நோயை மற்ற எல்லாக் குட்டிகளுக்கும் சேர்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த எதிரியும் யோசித்திருக்க மாட்டான்.

இதோடு ஓர் அற்புதமும் உண்டு. வீரன் என்று ஒரு வெள்ளைக் குட்டி. கழுத்தில் கயிறு. கனமான பஞ்சு மெத்தையில் உட்கார்த்தி, அவன் முதுகுக்குப் பின்னால் தள்ளி சிவகாசிச் சரவெடியைக் கொளுத்துவார்கள். கூட்டத்துக் குட்டிகள் அத்தனையும் அலறி ஆளுக்குள்ளே புதையும். வீரன் கொட்டாவி விடுவான். "வயிரவா!" என்று ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் சமுத்திரமும் ஒருவர். ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு நூல் பிசகினாலும் கடைந்த உருப்படியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைவார். அந்த அளவு பார்க்கும் புத்தியைப் பட்டறையிலேயே பூட்டிவைத்துவிட்டுத்தான் சித்தரிடம் வந்தார்.

அவரைச் சும்மா திட்டிவிடவும் மனசு வரவில்லை. அவருக்கு ஒரு காயம் இருந்தது. முன்னால் துரை என்றொரு நாய் வளர்த்தார். ஊசியெல்லாம் போட்டு முடிக்கிறவரைக்கும் வெளியே விடக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குட்டியைப் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டினார். ஆள் முகம் காட்டவில்லை, சத்தம் காட்டவில்லை. நோய் வராமல் வளர்ந்தான் துரை. ஆனால் குடையைக் கண்டால் பயம், குக்கர் விசிலுக்குப் பயம், மீசை வைத்த ஆளைக் கண்டால் பயம். பயத்தில் பால்காரரைக் கடித்தான். ஒரு தீபாவளிக்கு வெடிச்சத்தத்தில் மிரண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு தென்காசி ரோட்டில் ஓடி லாரிக்கு அடியில் போனான். அன்றைக்குச் சமுத்திரம் ரோட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

இப்போது வீட்டுக்கு வந்திருப்பவள் பவுனு. கையகலப் பெண் குட்டி, பொன் நிறத்தில் கண். இவள் துரையைப் போல் பயந்து சாகக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் சித்தர் விற்றார்.

கயிறு கட்டப் போன அன்று அவர் மனைவி வெங்கடேஸ்வரியும் கூட வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கூட்டத்தின் நெரிசலில் அவள் கை பட்டு, பூசைத் தட்டு வீரனுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அடேயப்பா, என்ன சத்தம்! பவுனு துள்ளினாள். சித்தரே ஒருமுறை துள்ளி உட்கார்ந்தார். மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்த வீரன் மட்டும் அசையவில்லை.

"பாத்தியாம்மா கயித்தோட சக்திய!" என்றார் சித்தர், வேட்டியைச் சரிசெய்துகொண்டே.

"பாத்தேன், பாத்தேன்," என்றாள் வெங்கடேஸ்வரி. சமுத்திரத்துக்கு அவள் சொன்ன விதம் பிடிக்கவில்லை.

அந்த அஷ்டமி நடையில் சமுத்திரத்தின் சித்தப்பா மகன் சோலைராஜும் தன் குட்டியை இறக்கி நடக்கவிட்டிருந்தான். சில நாளில் அது வாந்தியெடுத்தது. ரத்தமாய்க் கழிந்தது. சுருண்டு போய்ச் சேர்ந்தது. சோலைராஜ் அழுதுகொண்டே சித்தரிடம் ஓடினான். தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"முடிச்சுப் போடும்போது நான் மனசுல சந்தேகப்பட்டுட்டேனாம் அண்ணாச்சி. அதான் குட்டி தங்கல."

"நெசமாவே சந்தேகப்பட்டியாலே?"

"இல்லைன்னுதான் நெனச்சேன். அவிய சொன்ன பொறவு யோசிச்சா, பட்டிருப்பேன்னுதான் தோணுது."

குட்டி பிழைத்தால் கயிற்றின் பெருமை. செத்தால் வளர்த்தவன் குற்றம். இந்தத் தொழிலில் மட்டும் நஷ்டம் என்பதே கிடையாது.

வெங்கடேஸ்வரி பொறுக்கவில்லை. அஷ்டமிக்கு முதல்நாள் பவுனைத் தூக்கிக்கொண்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நாய் டாக்டர் ப்ரியம்வதாவிடம் போய்விட்டாள். டாக்டர் சிவப்புக் கயிற்றைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஊசி போட்டீங்களா?"

"சக்தி எறங்கிரும்னு..." என்று இழுத்தார் சமுத்திரம். சோலைராஜ் குட்டி செத்த விதத்தை வெங்கடேஸ்வரி சொன்னாள்.

"இது பார்வோங்கிற வைரஸ். சீக்குக் குட்டியோட கழிச்சல் பட்ட மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். ஊசி போடாத குட்டி அந்த மண்ணை மோந்தாலே போதும். நாளைக்கு அந்த மரத்தடியில இவளை இறக்கினீங்கன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

"அதுக்காவ பூட்டி வைக்கச் சொல்லுதீகளா? ஒருத்தனைப் பூட்டி வச்சுத்தான் பறிகொடுத்தேன்!" சமுத்திரத்தின் குரல் உடைந்துவிட்டது.

டாக்டர் குரலைத் தணித்தார். "யாரு பூட்டச் சொன்னா? தரையிலதானே இறக்கக் கூடாது? உங்களுக்குக் கையில்லையா? தூக்கிட்டுப் போங்க. ஒரு துணிப்பையில போட்டுத் தோள்ல மாட்டிக்கோங்க. பஸ் ஸ்டாண்டைக் காட்டுங்க. தேர் வீதியைக் காட்டுங்க. குடை, மீசை, குக்கர், எல்லாத்தையும் காட்டுங்க. உங்க லேத் சத்தத்தைத் தூரத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குங்க. ஊசி போட்ட நாய் இருக்கிற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விளையாட விடுங்க. பயம் பழகுறது இந்தக் குட்டி வயசுலதான். ஊசியும் இந்த வயசுலதான். ரெண்டையும் சேர்த்தே செய்யணும்."

சமுத்திரம் பவுனை மடிக்கு இழுத்துக்கொண்டார். துரையை ஒரு பையில் போட்டுத் தூக்கித் திரிந்திருந்தால் போதுமா? இவ்வளவுதானா? அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் மனசு மறுபடியும் சித்தரிடமே ஓடியது. "ஆனா அந்த வீரன்... நானே கண்ணால பாத்தேன். வெடிக்கு அசையலையே!"

"நீங்க போயி ஆட்டோவ நிறுத்துங்க," என்றாள் வெங்கடேஸ்வரி. அவர் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அவள் டாக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆட்டோவில் அவள் சொன்னாள்: "நாளைக்கு அந்தச் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அதுல அவிய ஜெயிச்சா, பவுன நீங்களே எறக்கி விடுங்க. தோத்தா நேரா ஊசிக்கு. சம்மதமா?"

சித்தர் தோற்பதாவது! சமுத்திரம் சம்மதித்தார்.

மறுநாள் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. உருளி நிறையத் தீர்த்தம். அதில் ஏற்கெனவே யாருடைய வாயோ பட்டு நுரை மிதந்தது. சரவெடி முடிந்து, வீரன் கொட்டாவி விட்டு, ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓய்ந்தது. "குட்டிகளை எறக்குங்க!" என்று உத்தரவு வந்தது. சமுத்திரம் பவுனைக் கீழே கொண்டுபோனார். அவள் கால் மண்ணுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.

"நிறுத்துங்க!"

ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகிய தொண்டை. கூட்டம் நின்றது. பவுனும் அந்தரத்தில் நின்றாள். வெங்கடேஸ்வரி பையிலிருந்து வெறும் சில்வர் தட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்தாள்.

"சாமி, வீரன் வெடிக்குப் பயப்பட மாட்டான். ஒத்துக்கிடுதேன். சோத்துக்குமா பயப்பட மாட்டான்?"

"என்னம்மா உளறுத?"

"நம்ம வீட்டுக் குட்டியெல்லாம் தட்டுச் சத்தம் கேட்டா என்ன செய்யும்? நான் அவன் பின்னாடி நின்னு தட்டுதேன். வீரன் திரும்பிப் பாத்தா போதும். நான் கயித்த என் கழுத்துலயே கட்டிக்கிடுதேன்."

கூட்டம் சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை. "தியானத்துல இருக்குற ஜீவன எழுப்பக் கூடாது! ரத்தம் கக்கிரும்!"

"வெடி போட்டா கக்காது, தட்டத் தட்டினா கக்குமாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சோலைராஜ்தான். சித்தர் திரும்புவதற்குள் அவள் மெத்தைக்குப் பின்னால் போய்விட்டாள்.

டங், டங், டங்.

வேப்பமரத்தடியில் இருந்த குட்டிகள் அத்தனைக்கும் காது நிமிர்ந்தது. கைக்குக் கை திமிறின, குழைந்தன, கத்தின. ஒன்று சட்டையைக் கிழித்துக்கொண்டு குதித்தே விட்டது. பவுனு சமுத்திரத்தின் கையில் மீனாய்த் துள்ளினாள். வீரன் தன் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெங்கடேஸ்வரி ஓங்கித் தட்டினாள். ஊளையே விட்டுப் பார்த்தாள். வீரன் காதுமடல்கூட அசையவில்லை. பிறகு அவள் சத்தமே போடாமல் மெல்ல முன்னால் வந்து, தட்டை அவன் கண்ணுக்குக் காட்டினாள். அவ்வளவுதான்! மெத்தையிலிருந்து உருண்டு விழுந்து, வாலும் இடுப்பும் சேர்ந்து ஆட ஓடிவந்து வெறும் தட்டை நக்கினான் அந்த மகாவீரன்.

"பயப்படாத நாயி திரும்பியாவது பாக்கும். கேக்காத நாயிதான் திரும்பாது," என்றாள் அவள். "இவனுக்குப் பொறவியிலயே காது கேக்காது. வெடி அதிர்வு கால்ல தெரியாம இருக்க மெத்தை. நெருப்பு கண்ணுல படாம இருக்க முதுகுப்பக்கம் வெடி. அம்புட்டுத்தான் அற்புதம்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ராஜபாளையத்து வெள்ளைக் குட்டிகளில் சிலது செவிடாய்ப் பிறக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான். விற்கிறவன் சொல்ல மாட்டான், வாங்குகிறவன் கேட்க மாட்டான். ஊருக்கே தெரிந்ததை வைத்து ஊரையே ஏமாற்றியிருக்கிறான் மனுஷன்.

"காது கேக்கலைன்னா என்ன? ஆத்மா கேக்கும்!" என்றார் சித்தர்.

"என் குட்டி கத்துனது ஒம்ம ஆத்மாவுக்குக் கேட்டுச்சா?" சோலைராஜ் அவர் துண்டைப் பிடித்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர். "நான் சந்தேகப்பட்டேன்னீரே! அன்னைக்குச் சந்தேகப்பட்டிருந்தா அது உசுரோட இருந்திருக்குமேய்யா!"

வயிரவர் தந்த வரம் அந்த நேரத்துக்கு உதவவில்லை. துண்டையும் ருத்திராட்சத்தையும் சோலைராஜ் கையில் விட்டுவிட்டு, மகான் பின்பக்க முள்வேலியைத் தாண்டினார். தாடி வேலியில் மாட்டியது. பாதி அங்கேயே தங்கியது.

அப்போதும் ஒரு பெரியவர் வெங்கடேஸ்வரியிடம் வந்து பவ்யமாகக் கேட்டார்: "அப்ப இந்தக் கயித்த, காது கேக்காத குட்டிக்கு மட்டும் கட்டலாமாம்மா?" அவள் உருளியைக் காலால் கவிழ்த்தாள்.

சமுத்திரம் பவுனை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவள் கால் இன்னும் மண்ணில் படவில்லை. பல்லாலேயே கயிற்றைக் கடித்து அறுத்துத் துப்பினார். "ஏட்டி, ஆட்டோவக் கூப்புடு. டாக்டரு இருப்பாகளா?"

"இருப்பாக. நேத்தே சொல்லிட்டுத்தான் வந்தேன்," என்றாள் அவள்.

இப்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தோளில் துணிப்பையோடு ஒருவர் நின்றால் அது சமுத்திரம்தான். பைக்குள்ளிருந்து இரண்டு பொன் கண்கள் குடையையும் மீசையையும் ஹாரன் அடிக்கிற பஸ்ஸையும் வேடிக்கை பார்க்கும். ஊசி ஒவ்வொன்றாய் நடக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் ரோட்டில் கால் வைப்பாள். வீட்டில் இன்னொரு குட்டியும் இருக்கிறான், அந்த வெள்ளை வீரன். வெங்கடேஸ்வரி கையை மடக்கினால் உட்காருவான், விரித்தால் வருவான். அவனுக்கும் ஊசி போட்டாயிற்று.

சித்தர் தேவதானம் பக்கம் தாடி வளர்த்துக்கொண்டு, ஆட்டுக்குட்டிக்குக் கயிறு கட்டுவதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம். ஐயா, வீரன் அந்த மெத்தையில் பேசாமல் உட்கார்ந்திருந்தான் என்றால், அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உங்களுக்கு என்ன கேடு?