கண் திறக்காத அயர்லாந்துச் சிலுவை

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியையும் மிச்சம் பிடித்தே இருபத்து நான்கு வயதுவரை வளர்ந்தவன் நான்.

அப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சிற்பக்கூடத்தில் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் பொறுப்பு. (மூன்று மாதத்தில் வந்த ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளர், பக்கத்து வண்டியூரிலேயே பிறந்து வளர்ந்த ஸ்டெல்லா அக்கா.) அயர்லாந்தில் நர்ஸாக இருந்த அவர், ஆயிரம் வருஷப் பழைய கல் சிலுவை ஒன்றில் மனதைப் பறிகொடுத்திருந்தார். உச்சியில் வட்ட வளையம், உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக, ஆதாம் ஏவாள் முதல் சிங்கங்கள் வரை, பைபிள் கதை உருவங்கள். அதேபோல் தன் ஊர் சர்ச்சுக்கு ஒன்று வேண்டுமென்று போட்டோ அனுப்பினார்.

"இது நல்லபடியா முடிஞ்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கங்க தம்பி" என்றார் முதலாளி.

செதுக்கியவர் முத்தையா அண்ணன். கோயில் சிலைகளுக்குக் கண்ணை மட்டும் விட்டுவைத்து, பிரதிஷ்டை சமயத்தில் திறப்பது அவர் பழக்கம். மற்ற வேலையெல்லாம் முடிந்ததும் கேட்டார்.

"இவுகளுக்குக் கண்ண எப்பத் தொறக்கணும்? அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க தம்பி."

போட்டோவை உற்றுப் பார்த்தேன். ஒரு முகத்திலும் கண் இல்லை.

"கேக்க என்னண்ணே இருக்கு? அயர்லாந்துல கண்ணே வைக்க மாட்டாங்க. அதுதேன் அவங்க ஸ்டைலு."

"சிங்கத்துக்குமா?"

"சிங்கத்துக்குந்தாண்ணே." (அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.)

திறப்பு விழாவில் துணி விலகியது. கைதட்டல் பாதியில் நின்றது. முன்வரிசையில் இருந்த ஸ்டெல்லா அக்காவின் அம்மா சத்தமாகவே கேட்டார்: "ஏண்டி, அம்புட்டுப் பேரும் தூங்குறாக?"

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் ஸ்டைல் விளக்கத்தை ஆரம்பித்தேன்.

"தம்பி, அது ஆயிரம் வருஷ மழையில தேஞ்சுபோன மூஞ்சி. நம்மது நேத்துத்தானே வந்துச்சு!"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். என் வேலை போய்விட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன்.

முத்தையா அண்ணன்தான் உளியோடு முன்னால் வந்தார். "பாதர், நீங்க சரின்னா இப்பவே தொறந்துருவேன்."

பாதர் தலையசைத்தார். முதலில் ஆதாம், அடுத்து ஏவாள். ஒவ்வொரு முகமாக விழிக்க விழிக்கக் கூட்டம் நெருங்கி வந்தது. பிரியாணி ஆறியது, ஒருவரும் நகரவில்லை. கடைசிச் சிங்கமும் விழித்தபோது அக்கா அழுதுகொண்டே சொன்னார், "அங்க உள்ளதவிட இது உசுரா இருக்குண்ணே." நானும் அழுதேன். (காரணம் வேறு.)

வேலை நிரந்தரமானது. அன்று வந்திருந்த இன்னொரு ஊர் சர்ச்சுக்காரர்களும் ஒரு சிலுவை கேட்டார்கள், கண்ணைத் தங்கள் முன்னால்தான் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வீட்டில்தான் நான் இன்னும் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி தாண்டித் தூங்கினால், என் மனைவி கட்டிலருகே நின்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "முத்தையாண்ணே, உளிய எடுத்துட்டு வாங்க!"