சுருதிப்பெட்டியும் சித்தூர் ஊர்வலமும்

கல்யாண ஊர்வலத்தில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பாட்டை நிறுத்தி, மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும், சுருதி சேரல" என்று அறிவித்த டிஜே இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நகரியில், எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் எல்லோரும் கூப்பிட்டது 'சுருதிப்பெட்டி' என்று.

அந்த அறிவிப்பு நடந்தது புத்தூரில். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருந்தார். பாட்டு சட்டென்று நின்றதும் அவரால் நிற்க முடியாமல், பந்தல் வாழைமரத்தையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுருதிப்பெட்டி இறங்கிப் போய், "நீங்க ஆடுனது கரெக்ட் சார், நான் போட்டதுதான் தப்பு" என்று ஆறுதல் சொன்னாராம். வண்டியைக் கிளப்பிக்கொண்டு தப்பி வந்தது தனிக்கதை.

மற்ற டிஜேக்கள் செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சுழலும் இசைத்தட்டின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் இழுப்பார்கள். பொறியில் எலி மாட்டிக்கொண்டதுபோல் 'கீக் கீக்' என்று வரும். கூட்டம் 'ஹோ' என்று கத்தும். சுருதிப்பெட்டிக்கு அதைக் கேட்டால் பல் கூசும். தட்டை வேகமாகத் தள்ளினால் சத்தம் மேலே ஏறுகிறது, மெல்ல விட்டால் கீழே இறங்குகிறது. அப்படியென்றால் அதற்குள் ஸரிகமபதநி மொத்தமும் இருக்கிறது. பாட்டு எந்தச் சுருதியோ, கீச்சுவதும் அதே சுருதியில்தான் இருக்க வேண்டும். இதுதான் அவர் கட்சி. கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

சத்தம் சேகரிப்பதும் அவரே. எது கிடைத்தாலும் போனில் பிடித்து லேப்டாப்பில் ஏற்றிவிடுவார். பிறகு தட்டை இழுத்தால் அந்தச் சத்தமே ராகமாக வரும். ஒருநாள் என் அம்மா வாசலில் நின்று, "துன்ன வாடீ!" என்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அவர் போனில் விழுந்தது. சாயங்காலம் எதிர் மாடியிலிருந்து அம்மா மோகன ராகத்தில், "வாடீ… வாடீ… வாவாவாடீ" என்று ஏறி இறங்கினாள். அம்மா துடைப்பத்தோடு படியேறினாள். கால்மணி நேரம் கழித்து துடைப்பம் இல்லாமல் இறங்கி வந்து, "என் தொண்ட அவ்ளோ மோசமில்லடீ" என்றாள்.

பிரச்சினை ஸ்டிக்கர் பொட்டில் தொடங்கியது. சுரம் தட்டின் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தெரிய, தட்டின் மேல் அடையாளம் ஒட்ட வேண்டும். என் அக்கா வனஜாவின் பொட்டு அட்டைகள் மாயமாக மறைந்துகொண்டிருந்தன. ஒருநாள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எதிர் மாடிக்குப் போன எங்கள் அப்பா, நைனா, ரொம்ப அமைதியாகத் திரும்பி வந்தார்.

"வனஜா, உன் பொட்டெல்லாம் எங்க கீது?"

"கீழ வுழுந்துடுச்சு நைனா."

"வுழுந்தது எதிர் மாடி ஏறிப் போயி, தட்டு மேல வரிசையா ஒட்டிக்கிச்சா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான், காலேஜும் முடித்தவள். யாருக்கு எது புரியாவிட்டாலும் விசாரணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"நீ படிச்சவ. சொல்லு, அவன் இன்னா வேலை செய்றான்?"

"தட்டு மேல கைய வெச்சி முன்னயும் பின்னயும் தேய்ப்பாரு நைனா."

"அத உங்கம்மா டெய்லி செய்றா. அதுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா?"

கடைசியில் நைனா ஒரு நிபந்தனை போட்டார். சித்தூரில் அத்தை மகளுக்குக் கல்யாணம். சொந்தம் முழுக்க அங்கே இருக்கும். சுருதிப்பெட்டி அந்த ஊர்வலத்துக்கு வாசிக்க வேண்டும்.

"மண்டபத்துலேர்ந்து கோயில் வரைக்கும் நடுவுல நிக்கக் கூடாது. நீ நிறுத்துன, வனஜா பேர மறந்துடு."

"நிறுத்த மாட்டேன் மாமா."

"யாருடா மாமா?"

அன்று அக்கா ஜன்னலுக்கு வந்து, "சுருதி கெட்டா கெட்டுப் போவுது. உனக்கு நான் வேணுமா, சுருதி வேணுமா?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். பதில் நல்ல பதில்தான். ஆனால் யோசித்ததை அக்கா இன்றைக்கும் குத்திக்காட்டுகிறாள்.

ஊர்வலம் ஜோராகக் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரக்காரர், நடுவில் மாப்பிள்ளை, பின்னால் டிஜே வண்டி, அதற்கும் பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். நாதஸ்வரக்காரர் டிஜே வண்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஒரு வரி வாசித்தார். அதே வரி, அதே சுருதியில், "வாடீ வாடீ" என்று வண்டியிலிருந்து திரும்பி வந்தது. அவர் திடுக்கிட்டு இன்னொரு வரி வாசித்தார். அதுவும் வந்தது. கூட்டம் குதித்தது. மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கில் சபாஷ் போட்டார்கள். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.

இருட்டத் தொடங்கியதும் சீரியல் பல்புகளைப் போட்டார்கள். அங்கேதான் சனி பிடித்தது. சுருதிப்பெட்டியின் டர்ன்டேபிள் அரதப் பழசு. கரண்ட் என்ன வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்தில்தான் தட்டு சுழலும். பல்புகளின் பாரம் ஏறியதும் ஜெனரேட்டர் திணறியது, தட்டு சோம்பியது, வாசிப்பு மொத்தமும் மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. நாதஸ்வரம் ஒரு பக்கம், "வாடீ" ஒரு பக்கம். ஆடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுருதிப்பெட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு கையால் கீச்சிக்கொண்டே மறு கை விரலால் தட்டின் விளிம்பைத் தள்ளித் தள்ளி ஓட்டினார். மைக் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்ப்பார், நைனாவைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். அக்கா என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாத, நிறுத்தாத" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு குரல் இடிபோல் விழுந்தது.

"ஏய், நிறுத்துங்கடா! சுருதி எறங்கிக்கினே போவுது, காதுல இன்னா பஞ்சா?"

கத்தியது நைனா.

எதிர் மாடியிலிருந்து தினமும் வந்ததையெல்லாம் அவர் திட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். கேட்டது காதோடு தங்கிவிட்டது. ஊர்வலம் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, யார் நிறுத்தியது என்று தெலுங்கில் அதட்டினார்.

"ஏமய்யா, எவரு ஆப்பிந்தி?"

பழக்கதோஷத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் டிஜே வண்டியைக் கை காட்டினார்கள்.

"நேனே ஆப்பினானு" என்றார் நைனா, மார்பைத் தட்டி. மேற்கொண்டு விளக்காமல் நேராக ஜெனரேட்டரிடம் போய், அதன் ஆளை ஒதுக்கிவிட்டு, வேகம் கூட்டும் கம்பியைப் பிடித்தார். "நீங்க ஊதுங்க சாமி" என்றார். நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, நைனா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியை ஏற்றினார். "வாடீ" தவழ்ந்து தவழ்ந்து மேலே வந்து நாதஸ்வரத்தோடு ஒட்டியது. "ஆங்" என்றார். ஊர்வலம் நகர்ந்தது. கோயில் வரைக்கும் நைனா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. பட்டுவேட்டி முழுக்கப் புகை.

கோயில் வாசலில் சுருதிப்பெட்டி தயங்கித் தயங்கி வந்தார்.

"மாமா, நான் நிறுத்தல."

நைனா வேட்டியைத் தட்டிக்கொண்டார். வெகுநேரம் தட்டினார்.

"தெரியும். நிறுத்துனது நான். இப்ப இன்னான்ற?"

"ஒண்ணுமில்ல மாமா."

"கல்யாணத்த காணிப்பாக்கம் கோயில்ல வெச்சிக்கலாம். டிஜே கெடையாது, சொல்லிட்டேன்."

இப்போது அக்காவும் சுருதிப்பெட்டியும் திருப்பதியில் குடியிருக்கிறார்கள். எனக்கும் வேலை அங்கேதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அக்கா வீட்டில். அக்கா சமைக்கும்போது பாடுவாள். ஒரு பாட்டை எங்கே ஆரம்பித்தாள், எங்கே கொண்டுபோய் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. போன வாரம் எனக்கே பொறுக்கவில்லை.

"மாமா, ஊர்ல எல்லார் சுருதியையும் திருத்துறீங்க. இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார். பிறகு எட்டி, தன் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, அக்கா பாடி முடிக்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.