பதினேழாம் நம்பர் வீட்டின் நல்ல கூரை

பெடாஸுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாம் லயத்துப் பதினேழாம் நம்பர் வீட்டுக் கூரை ஒழுகாது. இதை நான் சொல்லவில்லை, ஆபீஸ் ரிஜிஸ்டர் சொல்கிறது. "கூரை: நன்று" என்று எழுதிச் சீலும் குத்தியிருக்கிறது. மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பது வேறு விஷயம். மழைக்குப் படிப்பறிவு கிடையாது. ரிஜிஸ்டரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அந்த வீட்டில் மாயாண்டியும் அவர் சம்சாரம் பஞ்சாலையும் இருந்தார்கள். மாயாண்டிக்கு இழுப்பு நோய். ஈரம் பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். மழை வந்தால் பஞ்சாலை பாயை மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் புருஷன் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். பார்த்தால் வயிறு எரியும். நான் பக்கத்து வீட்டுச் சன்னாசி. எட்டு வருஷமாக என் வயிறு தவறாமல் எரிந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

பஞ்சாலை பதினோரு மனு கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி அர்ச்சுனன் மூக்குக்கண்ணாடியை மாட்டி, ரிஜிஸ்டரை விரித்து, "ரெக்கார்டுல நல்லாத்தானே இருக்குலா?" என்பார். மனு முடிந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம் வானத்து டீவி எங்கள் பக்கமும் வந்தது. முதலில் கிராணிமார் வீட்டுக் கூரைகளில் வானத்து அலை பிடிக்கும் தட்டு முளைத்தது. அப்புறம் தெமியாங்கில் இருக்கும் பஞ்சாலையின் தம்பி, அக்கா வீட்டுக்கும் ஒன்று மாட்ட ஏற்பாடு செய்தான். லயமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மயிலம்மாள் ஜன்னலுக்குப் புதுச் சீலை தைத்து வந்தாள். நான் கோயில் பெஞ்சு இரண்டைத் தூக்கிவந்து போட்டேன். எந்தப் பெஞ்சில் யார் என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது.

வீடு கம்பெனி வீடு என்பதால் தட்டு மாட்ட ஆபீஸ் பெர்மிட் வேண்டும். பெரிய கிராணி நேரிலேயே வந்து, அண்ணாந்து பார்த்தார்.

"முடியாதும்மா. இந்தக் கூரையில காக்கா உக்காந்தாலே விழுந்துடும். தட்டை எப்படித் தாங்கும்?"

பஞ்சாலை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப கூரை மோசம்னு ஒத்துக்கிறீங்களா ஐயா? மாத்திக் குடுங்க."

"மாத்த முடியாதுலா. நல்ல கூரையை மாத்துனா கம்பெனி என்னைக் கேக்கும்."

"நல்ல கூரைன்னா தட்டு மாட்ட விடுங்க."

"தட்டுக்குத்தான்மா மோசம். மழைக்கு நல்ல கூரை."

"ஒரே கூரைதானேய்யா?"

"கூரை ஒண்ணுதான். ஃபைல் ரெண்டு."

பஞ்சாலை விடுகிற ஜாதியா? கூரையை மாற்றினால்தான் தட்டு, தட்டு மாட்டாமல் உங்களை விடமாட்டேன் என்று அடம் பிடித்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கிராணிக்கு வேர்த்தது. அப்போதுதான் தட்டு மாட்ட வந்த பையல் வாயைத் திறந்தான்.

"கூரை எதுக்கு அங்கிள்? வாசல்ல இரும்புக் கம்பு நட்டு மாட்டிடலாம்லா."

ஐந்து நிமிஷத்தில் பெர்மிட் எழுதியாகிவிட்டது. தட்டு வந்தது. கூரை அப்படியே இருந்தது. அந்தப் பையலை நாங்கள் எல்லாரும் பாராட்டி மைலோ கலக்கிக் கொடுத்தோம். பஞ்சாலை மட்டும் கொடுக்கவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம். பால் எடுத்து முடித்துக் குளித்துவிட்டு நாற்பது பேர் அந்த வீட்டில் கூடுவோம். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, கதாநாயகிக்குக் கட்டாயக் கல்யாணம். மாப்பிள்ளை அயோக்கியன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுக ஆரம்பித்தது. என் மண்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மயிலம்மாள் முதுகில் ஓடையே ஓடியது. மூலையில் மாயாண்டியின் நெஞ்சு விசிலடித்தது. ஒருவரும் அசையவில்லை. யாரோ ஒருவர், "மாயாண்டி, கொஞ்சம் மெதுவா இழுப்பா, வசனம் கேக்கல" என்றார்.

அடுத்த நிமிஷம் படம் போய்விட்டது.

மழை பெய்தால் வானத்து டீவியில் படம் வராது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் வந்தது பாருங்கள், ரோஷம்! "இதுக்கு மேல பொறுக்க முடியாது, கிளம்புங்கடா ஆபீஸுக்கு!" என்று நான்தான் கத்தினேன். நாற்பது பேரும் எழுந்தோம். பஞ்சாலை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இப்பவாவது உங்களுக்கு உறைச்சுதே அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கொட்டுகிற மழையில் நாற்பது பேர் வருவதைப் பார்த்து பெரிய கிராணி வெலவெலத்துப் போனார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மேசை டிராயரை இழுத்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"சண்டை வேணாம்லா! இந்தா, மூணாம் லயத்துக்குப் புதுக்கூரை ஆர்டர். தொரை கையெழுத்துப் போட்டு மூணு வருஷம் ஆச்சு, நான்தான் மறந்துட்டேன். நாளைக்கே ஆள் வரும்!"

பஞ்சாலை கையை நீட்டினாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"யாருய்யா இப்ப கூரையைக் கேட்டா? மழை வந்தா படம் தெரியல. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க!"

"ஆமாம், படம்! படம்!" என்றது கூட்டம்.

கிராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காகிதம் டிராயருக்குள் போனது. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். கோரிக்கையை எழுதித் தரச் சொல்லி, வாசகத்தையும் அவரே சொன்னார்: "மழைக் காலங்களில் படம் தெளிவாகத் தெரிய ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கூரை குறித்து எங்களுக்குப் புகார் ஏதுமில்லை." நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

பஞ்சாலை போடவில்லை. "நீங்கள்லாம் மனுசங்களா?" என்று கேட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். எனக்குச் சுருக்கென்றது. சமாதானம் சொல்லலாம் என்று பின்னாலேயே ஓடினேன்.

மாயாண்டி அதே மூலையில், தன் குடையைத் தானே பிடித்தபடி, பாதி நனைந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பஞ்சாலை குடையை வாங்கிப் பிடித்து, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூச்சு முட்டியது. மறுபடி முயன்றார்.

"ஆபீஸ்ல... என்ன... சொன்னாங்க புள்ள?" என்று இழுத்து இழுத்துக் கேட்டார். "படம்... எப்ப... வருமாம்?"