படகு ஜெனரேட்டரும் மூத்த மாப்பிள்ளையும்

ஒருவர் எந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறாரோ, அந்தக் கம்பெனி விற்கும் சாமானைப் பிரித்துப் பூட்டவும் அவருக்குத் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். (மருந்துக்கடையில் பில் போடுகிறவரிடம் நாக்கை நீட்டிக் காட்டுகிற ஊர் எங்களுடையது.) நான் கத்தாரில் ஒரு ஜெனரேட்டர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஜெனரேட்டரை நான் பார்த்ததெல்லாம் பில்லில்தான். ஆனால் கீரமங்கலத்தில் என் மாமனார், மூத்த மாப்பிள்ளை ஜெனரேட்டர் இன்ஜினியர் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கேட்க நன்றாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை.

நான் லீவில் வந்த சமயம் என் கொழுந்தியாள் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கீரனூர்க்காரர். தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவர், வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன் எடுக்கிற போட்டோ ஷூட்டை மீமிசல் பக்கம் உப்பங்கழியில், கரையோரம் கட்டிய படகில் வைத்துக்கொள்வதென்று முடிவானது. பொழுது சாயும் நேரம், படகைச் சுற்றி சீரியல் விளக்கு, முன்பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும். விளக்குக்காகப் படகின் பின்பக்க ஓரத்தில் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். அவர் சகுனம் பார்க்கிறவர் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார்.

விளக்கெல்லாம் எரிந்தது. "மாப்ள, எதுக்கும் நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கங்க" என்றார் மாமனார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

படகுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். வந்தது, உடனே போனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்ரோல் இருந்தது. அதற்கு மேல் என்ன பார்ப்பதென்று தெரியாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பட்டு வேட்டியில் துடைத்து, திரும்ப மாட்டினேன். கத்தாரில் நிஜமான இன்ஜினியர் ஒருவர் என் அறையில் இருந்தார். அவரைக் கேட்கலாமென்று போனுக்கு சிக்னல் தேடிக் கரைக்கு இறங்கினேன். அவர் எடுக்கவில்லை. அதற்குள் பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. மாமனார் சம்பந்தியம்மாவிடம், பிளக்கைத் தொடச்சதும் சரியாயிருச்சு பாருங்க என்றார். நான் தலைநிமிர்ந்து நடந்து போய், படகில் ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்தேன். நின்றுபோனது.

அடுத்து ஃபில்டரைக் கழற்றி ஊதினேன். கரையில் போய் முகத்தைக் கழுவினேன், ஓடியது. வந்து உட்கார்ந்தேன், நின்றது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என் செல்போன் அலைதான் அதற்கு ஆகவில்லையோ என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். பிறகு நான் போட்டிருந்த கத்தார் சென்ட் மீது சந்தேகம் வந்தது. (பெட்ரோலுக்கும் சென்ட்டுக்கும் ஏதோ ரசாயனப் பகை இருப்பதாக அந்த நிமிஷம் உறுதியாக நம்பினேன்.)

மாப்பிள்ளையின் அம்மா மாமனாரிடம் மெதுவாகச் சொன்னார்: "புள்ளைங்க மேல விழுகிற வெளிச்சம் இப்பிடி அணைஞ்சு அணைஞ்சு போகுது. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. வேற நாள் பாப்பமா?"

எதற்கு வேறு நாள் என்று அவர் சொல்லவில்லை. போட்டோவுக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. மாமனார் முகம் வெளிறிவிட்டது. ரேவதியின் கண் மை கரைய ஆரம்பித்தது. என் வறட்டு கௌரவத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. நான் இன்ஜினியரே இல்லை என்று சொல்லிவிட வாயெடுத்தபோது அந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் எறங்குங்க."

இறங்கினேன். படகுக்காரர் கயிற்றை இழுத்தார். ஓடியது.

"இப்ப ஏறுங்க."

ஏறினேன். அந்த ஓரம் நன்றாகத் தண்ணீரை நோக்கிச் சாய்ந்தது. ஜெனரேட்டர் நின்றது. மறுபடி இறங்கச் சொன்னார், மறுபடி ஓடியது. அவர் மாமனார் பக்கம் திரும்பினார்.

"சகுனம் இல்ல சம்பந்தி, கனம்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அவருக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தச் சிரிப்புதான். நான் முழங்கால் தண்ணீரில், படகிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டிருந்தேன்.

பிறகு கத்தார் நண்பர் போனில் விளக்கினார். ஆயில் குறைந்தால் இன்ஜின் கெடாமலிருக்க, தானாக நின்றுவிடும் ஏற்பாடு அதில் உண்டாம். படகு சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, குறைந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடுமாம். சாய்த்தது நான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் வீட்டில் கரண்ட் போனாலும் எனக்கு போன் வருகிறது, எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டு. போன மாதம் கீரனூருக்கு விருந்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து வந்து, எதிர் வரிசையில் ஒரு இலையைப் போட்டு, "இங்கிட்டு வந்து உக்காருங்க தம்பி" என்றார். எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்துக்கொண்டே எழுந்து போய் உட்கார்ந்தேன்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அது எப்படி என்று கத்தார் நண்பருக்கும் தெரியவில்லை.