கோத்திரம் சொன்ன போன் சாமி

தில்லி கரோல் பாக் தமிழர்களுக்குக் கடவுள் இப்போது வாட்ஸ்அப் காலில் வருகிறார். பெயர் அகண்டஜோதி சுவாமிகள். முகம் காட்ட மாட்டார், குரல் மட்டும்தான். கேட்காமலே நட்சத்திரம் சொல்வார், கோத்திரம் சொல்வார், மனசில் இருக்கும் கவலையையும் சொல்வார். போதாதா? ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் வெங்கட்ராமன் போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பொண்ணு கல்யாணம்னு நான் வாயே தொறக்கலைடி வத்சலா! அவரா சொல்றார். தோஷமாம். ஹோமம் பண்ணலைன்னா நின்னு போயிடுமாம்!"

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பில் காற்புள்ளிக்குக்கூட விளக்கம் கேட்ட மனுஷர், சாமியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. காணிக்கைக்கென்று கார்டு நம்பரை நேற்றே ஒப்பித்துவிட்டார். மகள் மாதுரியின் கல்யாணப் பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஹோமத்துக்கு முகூர்த்தம். கூடம் கொள்ளாமல் அக்கம்பக்கத்துத் தமிழர்கள். ஸ்பீக்கரில் சாமி கனைத்தார்.

"இப்போ ஆறு எண் வரும் பாருங்கோ. அதுதான் உங்க கிரக எண். ஜல்தி சொல்லுங்கோ."

டிங்! வந்தேவிட்டது. வெங்கட்ராமன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு போட்டிருக்கே சாமி?"

"மனுஷாகிட்ட சொல்லக் கூடாது. நான் மனுஷனா?"

"அச்சா, அச்சா!" கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது.

மாதுரி அப்பாவின் கையைப் பிடித்தாள். "இருப்பா. சாமி, எங்காத்து சுந்தரேஷுக்கும் பார்த்துச் சொல்லுங்கோளேன்."

"சுந்தரேஷா? பூரட்டாதி, கௌசிக கோத்திரம்." குரல் ஓடி வந்தது. "தீராத வியாதி. உடம்பு அனலாக் கொதிக்கறது. நாளை எண்ணிண்டிருக்கான்!"

வத்சலா திருதிருவென்று விழித்தாள். "யாருடி அது? நம்மாத்துல அப்படி யாரும் இல்லையே!"

"சமையலறையில நிக்கறானேம்மா. நம்ம ஃபிரிட்ஜ்!"

வெங்கட்ராமன் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"கோயில் அர்ச்சனைக்குன்னு குரூப்ல பேர், நட்சத்திரம், கோத்திரம், வேண்டுதல், போன் நம்பர் எல்லாம் போடறேளே, அந்த லிஸ்ட்ல நேத்து நான் இவனையும் சேர்த்தேன். தீராத வியாதி குணமாகணும்னு. பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு அதுல டைப் பண்ணினது நீதானேப்பா? குரூப்ல அறுநூறு பேர். அதுல ஒருத்தர்தான் இந்தச் சாமி!"

மறுமுனையில் போன் டொக்கென்று வைக்கப்பட்டது. கூடம் வெடித்துச் சிரித்தது. மாதுரி உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கினாள். கல்யாணப் பணம் பிழைத்தது. வெங்கட்ராமனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பக்கத்து வீட்டு வேணுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை.

"எல்லாம் சரி ஓய். ஆனா ஃபிரிட்ஜுக்குப் பூரட்டாதின்னு அவ்வளவு கரெக்டா சொன்னானே, எப்படி?"

வெங்கட்ராமன் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபிரிட்ஜைத் தொறந்தா உள்ளே விளக்காவது எரியறது ஓய். நம்ம மண்டையைத் தொறந்தா?"

உங்களுடையதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், மகாஜனங்களே. சும்மா, எரிகிறதா என்று.