பன்னெண்டு எழுத்தும் ஒரு பட்டுப்புடவையும்

ஆரணி,
12.5.2004

சேத்துப்பட்டு ஜெகநாதன் மாமாவுக்கு,

மாமா மாமா, நான் செஞ்ச தமிழ் ஃபாண்ட் நேத்து இன்டர்நெட்ல ரிலீஸ் ஆயிடுச்சி, இந்த லெட்டரே அதுலதான் அடிச்சிருக்கேன்!

'ஐ' மட்டும் கொஞ்சம் சாஞ்சிகினு நிக்கும், கண்டுக்காதீங்க. இங்க அப்பாவைத் தவிர எல்லாரும் சௌக்கியம். நீங்க, அத்தை, கல்யாணப் பொண்ணு பரிமளா மூணு பேரும் நல்ல மனசோட இருக்கற நேரமாப் பாத்து இதைப் படிக்கணும்னு வேண்டிக்கறேன்.

ஃபாண்ட் செய்றதுன்னா சும்மாவா மாமா? எனக்கு யாரும் சொல்லித் தரல. எங்க இன்டர்நெட் குரூப்புல மலேசியாவுல ஒருத்தர், ஜெர்மனியில ஒருத்தர்னு, கம்பெனி கிம்பெனி இல்லாம தனியா உக்காந்து எழுத்து வரையறவங்க இருக்காங்க, அவங்கதான் எனக்கு ஹீரோ. என் 'க'வைப் பாத்துட்டு ஜெர்மனிக்காரர், 'இதுக்கு இடுப்பு வலியா?'ன்னு ஒரே வரி போட்டார். மூணு நாள் எனக்கு சோறு எறங்கல. அப்பறம்தான் கட்டம் எண்ணி வரைஞ்சா நேரா வரும்னு தோணிச்சி. கட்டம் போட்ட பேப்பருக்கு நம்ம வீட்ல பஞ்சமா? அப்பா புடவை டிசைன் போடற கிராப் ஷீட்ல அ-லருந்து ஔ வரைக்கும் வரைஞ்சி, ஸ்கேன் பண்ணிகினு வந்து, பரிமளா புடவைக்குன்னு அவர் போட்டு வச்சிருந்த மயில் டிசைன் மேலயே வச்சிட்டேன். அப்பா பிரிச்சிப் பாக்காம, மேல இருந்த ஷீட்டைச் சுருட்டி, அட்டை அடிக்கிற எல்லப்பன் அண்ணன்கிட்ட குடுத்துட்டு, ஜரிகை வாங்க வெளியூர் போயிட்டார். கட்டத்தைப் பாத்து அட்டையில ஓட்டை போடறதுதான அண்ணன் வேலை? போட்டுட்டார். அட்டை தறி மேல ஏறிடுச்சி, ஓட்டை எப்படியோ டிசைனும் அப்படித்தான விழும்!

ஒரு வாரம் கழிச்சி அப்பா வந்து பாத்தா முந்தானையில மயிலைக் காணோம், பன்னெண்டு எழுத்தும் ஜரிகையில மின்னுது! 'டேய் முருகேசா, உனக்குக் கண்ணு தெரியலயா?'ன்னு நெய்யறவரைக் கேட்டா, 'அட்டை சொல்றதை தறி கேக்குது, தறி சொல்றதை நான் கேக்கறேன், என்னை யார் கேட்டா?'ங்கறார். எல்லப்பன் அண்ணன் அதுக்கும் மேல. 'மாப்ளை தமிழ் வாத்தியாராச்சே, அவங்க ஊட்ல ஆசைப்பட்டுக் கேட்டாங்கன்னு நெனச்சேன். ஜனங்க முந்தானையில பேரு கேக்கறாங்க, மூஞ்சியே கேக்கறாங்க, எழுத்து கேக்க மாட்டாங்களா?'ன்றார். ஒரே பேஜார் மாமா.

இப்ப வெள்ளிக்கிழமை என் கம்ப்யூட்டரை வித்துடறேன்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறார். 'பரவால்லன்னு ஜெகநாதன் வாயால சொல்லட்டும், அப்பதான் அது ஊட்ல இருக்கும்'னு சொல்லிட்டார். இன்னும் போல்டு எழுத்து செய்யவே இல்ல மாமா!

யோசிச்சிப் பாருங்க, உங்களுக்கு என்ன கொறைச்சல்? வேற அட்டை அடிச்சி, அதே அரக்குக் கலர்ல மயில் புடவையை ஜல்தியா நெய்ஞ்சி, நேத்து பஸ் கண்டக்டர் ஜெயவேல் அண்ணன் கையில குடுத்து அனுப்பியாச்சி. பார்சலை நானே கட்டினேன். எழுத்துப் புடவை எங்க பீரோவுல பத்திரமா தூங்குது. அதனால ஒரே ஒரு போன், 'பரவால்ல மச்சான்'னு ஒரே வார்த்தை. அத்தைக்கு என் நமஸ்காரம், பரிமளாவுக்கு முத்தம். டவுன்லோடு கவுன்ட்டர் பதினொண்ணு காட்டுது, அதுல ஒம்பது நான்தான். கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்டலாம் சொல்லுங்க, ஆளுக்குப் பத்து பேருக்கு அனுப்பட்டும்!

உங்க ஆசீர்வாதத்தையும் போனையும் எதிர்பாக்கற,
ஜெயப்ரியா

பி.கு.: எழுத்துப் புடவையை போட்டோ எடுத்து ஜெர்மனிக்காரருக்கு அனுப்பலாம்னு இப்பதான் பீரோவைத் தொறந்தேன். உள்ள மயில் தோகையை விரிச்சிகினு நிக்குது. மாமா, பார்சலைப் பிரிக்காதீங்க. பிரிச்சிட்டீங்கன்னா அப்பாவுக்கு போன் பண்ணாதீங்க. முகூர்த்தத்துக்கு பரிமளா அதையே கட்டிட்டான்னா, அந்த 'ஐ' வாத்தியார் கண்ணுல படாம மடிப்புல சொருகச் சொல்லுங்க. மேடையில எடுத்த போட்டோ மட்டும் ஒரு காப்பி அனுப்புங்க, குரூப்புல போடணும்.