மீதி என்று ஒரு ஆப்ஷன்

திரை பட்டென்று கறுத்ததும் தனக்கொடி மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“பூட்ச்சா?” என்று உள்ளறையிலிருந்து மேனேஜர் மரியசுந்தரம் கேட்டார்.

“பூட்ச்சி சார். இன்னைக்கும் பாதியில.”

வில்லியனூருக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஒண்டியாக நின்றது அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. எண்பத்தேழாம் வருஷம் அங்கே கம்ப்யூட்டர் இருந்தது. கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கும் பேட்டரி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கொஞ்ச நாளாக உச்சிவேளை ஆனால் மின்சாரம் போய்விடுகிறது.

ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பை வண்டியோடு நிறுக்கும் எடை மேடைக்குத் தனக்கொடி புரோகிராம் எழுதியிருந்தாள். அது சரியாக எடை சொல்கிறதா என்று பார்க்க ‘ஓட்டு’ என்று இன்னொரு புரோகிராமும் அவளே எழுதினாள். ‘ஓட்டு’ என்று தட்டினால் போதும். மாட்டு வண்டி, டிராக்டர், லாரி, மழையில் நனைந்த கரும்பு, பாதி ஏறிய சக்கரம் என்று எல்லாச் சோதனைகளையும் அது வரிசையாக ஓட்டும். முடியச் சாயங்காலம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் மாட்டு வண்டியிலிருந்துதான்.

வெள்ளிக்கிழமை ஆலை அதிகாரி பச்சையப்பன் வருகிறார். சோதனை முழுசாக முடிவதைக் காட்டாவிட்டால் வேலை மெட்ராஸ் கம்பெனிக்குப் போய்விடும். அதைவிட அவளை உறுத்தியது வேறு. பண்டசோழநல்லூரில் அவள் அப்பா அய்யனார் அந்த ஆலைக்குத்தான் கரும்பு போடுகிறார். எடை பிசகினால் ஊரே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

கம்பெனியில் டீ போட்டுத் தரும் காசம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “கரண்ட் இல்லாம பொட்டிய மொறச்சி இன்னா ஆவப்போவுது? போயி சோத்தத் துன்னுட்டு வா பாப்பா.”

தனக்கொடி வேண்டாவெறுப்பாக டப்பாவைத் திறந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் விளக்கு எரிந்தது.

மறுநாள் காலையிலேயே போய் லைன்மேன் உலகநாதனைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் கம்பத்தில் ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார்.

“எங்க லைன்ல ஒரு கொறையும் இல்லம்மா. பக்கத்துக் கொல்லையில மத்தியானம்கூட மோட்டார் ஓடுதாமே?”

“அப்போ எங்க கரண்ட மட்டும் காக்கா தூக்கிட்டுப் போவுதா?”

உலகநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடியும் ஏறி எதையோ பிடுங்கினார். உச்சிவேளைக்குப் போக வேண்டிய கரண்ட் காலையிலேயே போனது. அந்தச் சாமானுக்கு மாற்று கிடைத்து விளக்கு எரிய மறுநாளாகிவிட்டது.

“இனிமே யாரையும் கூப்புடாத தாயே,” என்று மரியசுந்தரம் கும்பிட்டார்.

“கூப்புடல சார். கரண்ட் போனா போவட்டும். ‘ஓட்டு’ல நான் ஒரு ஆப்ஷன் வெக்கறேன்.”

யோசனை எளிமையானது. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அதன் எண்ணை ஃபிளாப்பியில் பதிந்துவிட வேண்டியது. கரண்ட் வந்ததும் ‘ஓட்டு மீதி’ என்று தட்டினால், விட்ட இடத்திலிருந்து அது தொடர வேண்டியது.

எழுதிவிட்டாள். உச்சிவேளையில் வழக்கம்போல் கரண்ட் போனது. சரியாக அது எண்ணைப் பதிந்துகொண்டிருந்த நொடியில் போனது. பதிவு பாழ். கரண்ட் வந்த பிறகு ‘ஓட்டு மீதி’ என்று தட்டினால், என்னவென்றே புரியாத எண்ணைப் பார்த்துத் திகைத்து, கம்ப்யூட்டர் கீச்சென்று கத்திக்கொண்டே நின்றது.

“அத்த நிறுத்தேன், காது போவுது!” என்றார் மரியசுந்தரம்.

நிறுத்தினாள். பதிவைப் படிக்க முடியாவிட்டால் கத்தாதே, பேசாமல் அடுத்த வேலையைப் பார் என்று இரண்டு வரி சேர்த்தாள். தட்டினாள்.

கண் இமைப்பதற்குள் திரையில் வந்தது: ‘எல்லாம் முடிந்தது. தவறு எதுவும் இல்லை.’

மரியசுந்தரம் துள்ளிக் குதித்தார். தனக்கொடி வாயைத் திறப்பதற்குள் ஆலைக்குப் போன் போட்டு “கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது சார், நேர்ல வந்து பாருங்க!” என்று கத்தினார். ஆள் அனுப்பி ஒரு பொட்டலம் லட்டும் வரவழைத்தார்.

தனக்கொடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அது ஒரு சோதனையும் ஓட்டல.”

“இன்னாம்மா சொல்ற?”

“மீதி எவ்ளோன்னு தெரியல, அதனால மீதியே இல்லன்னு முடிவு பண்ணிடுச்சி. ஒண்ணையும் ஓட்டாதப்போ தப்பு எங்கருந்து வரும்?”

மரியசுந்தரம் கையிலிருந்த லட்டை மெதுவாகப் பொட்டலத்தில் திருப்பி வைத்தார். “அந்தாளு அதைப் பாக்கத்தான் வர்றாரு. அப்பிடியே காட்டிட்டா?”

“எங்க அப்பா வண்டி அந்த மேடையில ஏறும் சார். பொய்ய வெச்சி நான் எடை போட மாட்டேன்.”

அவர் பொட்டலத்தை அலமாரியில் வைத்து மூடினார். தனக்கொடி கடைசி பஸ் போவதற்குள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எண்ணை இரண்டு இடத்தில் மாற்றி மாற்றிப் பதியச் செய்தாள். ஒன்று பாழானால் இன்னொன்று இருக்கும். இரண்டும் போனால் பொய் சொல்லாமல் முதலிலிருந்து ஓட்டும்.

வெள்ளிக்கிழமை பச்சையப்பன் வந்து அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாட்டு வண்டி தேறியது. டிராக்டர் தேறியது. லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது.

“அவ்ளோதானா?” என்றார் பச்சையப்பன்.

“இருங்க சார். கரண்ட் வரட்டும், என் ஆப்ஷன் பேசும்.”

வரவில்லை. தனக்கொடி நாற்காலியை விட்டு அசையவில்லை. காசம்மாள் மூன்று தடவை வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தடவையும் முறைப்புதான் பதில். பச்சையப்பன் கொட்டாவி விட்டார், விசிறிக்கொண்டார், பஸ்ஸுக்கு நேரம் விசாரித்தார்.

“நீ மொறச்சா வந்துடுமா? போயி சாப்புடும்மா, உன் புண்ணியத்துல கரண்டாவது வரட்டும்,” என்று மரியசுந்தரம் கெஞ்சினார்.

தனக்கொடி புளிச்சோற்றை நாலு வாயில் அள்ளி விழுங்கிவிட்டுக் கை கழுவினாள். விளக்கு எரிந்தது.

ஓடி வந்து ‘ஓட்டு மீதி’ என்று தட்டினாள். எல்லோரும் திரையருகே குனிந்தார்கள். மாட்டு வண்டி வரவில்லை, டிராக்டர் வரவில்லை. நின்றுபோன அதே லாரியிலிருந்து சோதனை நகர்ந்தது. வெயில் சாயும்போது கடைசிச் சோதனையும் தேறியது.

“பாதியில செத்துப்போயி பொழச்சி வந்து வேலைய முடிக்குது! எங்க ஊர் கரண்டுக்கு இதுதாம்மா லாயக்கு,” என்று பச்சையப்பன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை உறுதியானது. பொட்டலத்தில் மிச்சமிருந்த லட்டு வெளியே வந்தது.

காசம்மாள் டீ தட்டோடு வந்தாள். தனக்கொடி பெருமை பொங்க அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“பாத்தியாக்கா? இனிமே கரண்ட் எத்தினி தடவ போனாலும் எனக்குக் கவலையில்ல. நாளையிலருந்து மத்தியானத்துல நான் இந்த சீட்ட விட்டு எழுந்துக்கவே மாட்டேன்!”

காசம்மாளின் முகம் விழுந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அடிப் பாவி! நீ எழுந்துபோயி நேரத்துக்குச் சோறு துன்னணும்னுதானடி நான் தெனமும் மெயின் சுவிட்ச எறக்கிவுடறேன்!”